கேப் வெடிக்கும் பொம்மைக் கைத்தடி: எந்தக் கேப், எங்கே வைப்பது, எதனால் அடிப்பது?

கைத்தடியின் முனையைத் தரையில் ஒரு தட்டு தட்டினால் உள்ளே இருக்கும் கேப் ‘டப்’ என்று வெடிக்க வேண்டும். பொம்மையின் வேலை அவ்வளவுதான். ஆனால் லேத் பட்டறைக்கு வரைபடம் கொடுப்பதற்கு முன்பு மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். பொட்டு, சுருள், ரிங் என்ற மூன்றில் எந்தக் கேப்? கைப்பிடி, நடுத்தண்டு, அடிமுனை என்ற மூன்றில் எந்த இடம்? அதை அடிப்பது ஸ்பிரிங் சுத்தியலா, விழும் எடையா, தரையா? முதல் கேள்வியைத் தள்ளிப்போட்டுவிட்டு மற்ற இரண்டையும் முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது முறையும் கடைசல் கூலி கொடுக்கிறார்கள்.

இந்தப் பொம்மைக்கு ஊர் அமெரிக்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜூலை 4 சுதந்திர தினக் கொண்டாட்டத்தில் சத்தம் எழுப்ப, முனையில் வார்ப்பிரும்புத் துண்டு பொருத்திய தடிகள் அங்கே விற்றன. அதே காலத்தில் வெற்றுத் தோட்டா போட்டுச் சுடும் கருவிகளும் பிள்ளைகள் கையில் இருந்தன. 1903-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் திரட்டிய கணக்கில், அந்த ஒரு பண்டிகைக் காயங்களால் வந்த வில்வாத ஜன்னிக்கு (டெட்டனஸ்) மட்டும் 400 பேருக்கு மேல் பலியானார்கள். பெரும்பாலானவை வெற்றுத் தோட்டா கையைக் கிழித்த காயங்கள். அதற்குப் பிறகு வந்த கட்டுப்பாடுகளின் எச்சம் இன்றும் பல அமெரிக்க மாநிலங்களின் பட்டாசுச் சட்டங்களில் இருக்கிறது. பட்டாசு என்ற வரையறைக்குள் வராதவை என்று பொம்மைத் துப்பாக்கியோடு பொம்மைக் கைத்தடியையும் பெயர் சொல்லியே விலக்குகிறார்கள். நிபந்தனை இரண்டு: காகிதக் கேப் ஒன்றில் வெடிமருந்து 0.25 கிரெயினைத் தாண்டக் கூடாது, அதாவது சுமார் 16 மில்லிகிராம். கேப் வெடிக்கத் தயாராக இருக்கும் நிலையில் அதைக் கை தொட முடியாதபடி கருவி அமைந்திருக்க வேண்டும்.

சட்டம் எழுதியவர்கள் பொம்மை வடிவமைப்பாளர்கள் அல்ல. ஆனாலும் கீழே வரும் ஒப்பீட்டில் பாதித் தேர்வுகளை அந்த இரண்டாவது நிபந்தனையே கழித்துக் கட்டிவிடுகிறது.

கேப்: பொட்டு, சுருள், ரிங்

பொட்டுக் கேப், சுருள் கேப் இரண்டிலும் சரக்கு ஒன்றுதான். இரண்டு தாள்களுக்கு நடுவே பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரசும் சேர்ந்த துளி மருந்து. உரசினாலே தீப்பிடிக்கும் கலவை. அதனால்தான் கேப்பைக் கிழித்து மருந்தைச் சேர்ப்பதும், நகத்தால் சுரண்டுவதும், வீட்டில் கலப்பதும் இந்தக் கட்டுரையின் எந்தப் பக்கத்திலும் வரவில்லை. கேப்பை உரிமம் பெற்ற கடையில் வாங்குங்கள், வந்தபடியே பயன்படுத்துங்கள்.

பொட்டு மலிவு. எங்கும் கிடைக்கும். ஒவ்வொன்றாக வைக்க வேண்டும் என்பது குறை போலத் தெரிந்தாலும், ஒரு நேரத்தில் ஒரு கேப்தான் தடிக்குள் இருக்கும் என்பது பெரிய பாதுகாப்பு. உண்மையான குறை வேறு: தடியை வீசினால் பொட்டு தன் இருக்கையிலிருந்து (கேப் உட்காரும் இடம்) நழுவி, அதைத் தாங்கும் உலக்கைக்கும் (அடிமுனையில் மேலும் கீழும் நகரும் தண்டு) குழாய்ச் சுவருக்கும் இடையில் போய் விழும். அங்கே நசுங்கி வெடித்தால் சத்தம் வராது, கரி மட்டும் சேரும்.

சுருள் கேப்பைத் தானாக நகர்த்தித் தரும் அமைப்பு காகிதத்தில் அழகாக இருக்கும். தடியில் அது தோற்பதற்குச் சரித்திரமே சாட்சி. எட்வர்ட் மேனார்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1845-ல் காப்புரிமை பெற்ற காகிதச் சுருள் பற்றவைப்பு, பார்வைக்கு இன்றைய பொம்மைச் சுருளேதான். அதை 1855 மாதிரி ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கியில் பொருத்திய ராணுவம், ஈரத்தில் சுருள் கைவிட்டதால் 1861 மாதிரியில் கழற்றி எறிந்தது. இங்கேயோ சுருள் இருக்கப்போவது தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில். மண், பனி, தண்ணீர் எல்லாம் நேராக உள்ளே. ஐப்பசி மழையில் நமுத்துப்போன சுருளை நகர்த்தும் பல் தாளைக் கிழிக்குமே தவிர அடுத்த பொட்டை அடியில் கொண்டுவந்து நிறுத்தாது. இன்னொன்று, வெடிக்கும் பொட்டின் தீ அடுத்த பொட்டுக்குத் தாவும் வாய்ப்பும் உண்டு. தானியங்கிச் சுருளை இங்கேயே விட்டுவிடலாம். சுருளைக் கையால் ஒவ்வொரு பொட்டாகக் கிழித்து வைப்பது மட்டும் பயனுள்ள வழி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிளாஸ்டிக் ரிங் கேப்பில் ஒவ்வொரு மருந்தும் தனிக் குப்பிக்குள் இருக்கிறது. எட்டுக் குப்பி சேர்ந்தது ஒரு வளையம். நிப்பிளில் (குப்பியைச் செருகும் சிறு முளை) மாட்டினால் தானாக விழாது, ஈரத்தைத் தாங்கும், ஒன்றுக்கொன்று சத்தம் பெரிதாக மாறாது. தடிக்கு ஏற்ற கேப் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதுதான். விலை அதிகம் என்பதைவிட, நிப்பிள் கடைவது கொஞ்சம் நுணுக்கம் என்பதே தடை.

வெங்காய வெடி, தீக்குச்சி மருந்து, நிஜத் துப்பாக்கிக்கான செம்புக் கேப், வெற்றுத் தோட்டா ஆகிய நான்கும் தேர்வுப் பட்டியலிலேயே இல்லை. செம்புக் கேப் வெடித்தால் உலோகச் சிதறல் பறக்கும். தீக்குச்சி மருந்துக்கு அளவே கிடையாது. போல்ட்டும் நட்டும் வைத்து விளையாடும் பையன்கள் கேப் தீர்ந்தால் எதைச் சுரண்டிப் போடுவார்கள் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே இருக்கையில் ஆழமான குழி வைக்காதீர்கள். ஆழம் 0.8 மி.மீ.யைத் தாண்டினால் அதில் எதையாவது கொட்டத் தோன்றும், இரண்டு மூன்று பொட்டுகளை அடுக்கவும் தோன்றும்.

இடமும் அடியும்: நான்கு வழிகள்

முதல் வழி, கைப்பிடியில் ஸ்பிரிங் சுத்தியலும் விசையும் (ட்ரிகர்). கேப் துப்பாக்கியின் உள்சாமானை அப்படியே தடியின் தலையில் பொருத்துவது. தரை தேவையில்லை, நடக்கும்போதும் வெடிக்கலாம், கடையில் உள்சாமான் தயாராகக் கிடைக்கும். ஆனால் கேப் விரல்களுக்கு நடுவே இருக்கிறது. பிள்ளை பிடியை மாற்றிப் பிடித்தாலே புகைத்துளை உள்ளங்கைக்குக் கீழே வந்துவிடும். காதுக்கும் அருகில். மேலும் விசை வைத்த கைத்தடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பொம்மையாகத் தெரியாது. ரெமிங்டன் நிறுவனம் 1858 காப்புரிமையின் அடிப்படையில் நிஜமாகவே சுடும் கைத்தடித் துப்பாக்கிகளை விற்றது. அமெரிக்காவில் சுடும் கைத்தடிகள் இன்றும் பொதுவாக 1934 தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின்படி தனிப் பதிவுக்கு உட்பட்டவை. அந்த உருவத்தின் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

இரண்டாவது, அடிமுனையில் சுத்தியல், கைப்பிடியில் விசை, இடையில் சைக்கிள் பிரேக் கம்பி. கை பாதுகாப்பாக விலகிவிடுகிறது. ஆனால் 70 செ.மீ. கம்பியின் தொய்வு, உறையின் உராய்வு, மூங்கில் வளைவு மூன்றும் சேர்ந்து சுத்தியலின் விடுபடும் புள்ளியை நாளுக்கு நாள் மாற்றும். இழுத்து வைத்த சுத்தியல் தடி கீழே விழும்போது தானாக விடுபடுவதும் உண்டு. உழைப்புக்கு ஏற்ற பலன் இல்லை.

மூன்றாவது, குழாய்த் தண்டுக்குள் ஓர் இரும்புத் துண்டு. தடியைத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் அது விழுந்து கேப்பை அடிக்கும். கணக்குப்படி ஆற்றல் போதும்: 60 கிராம் 40 செ.மீ. விழுந்தால் சுமார் 0.24 ஜூல். எளிமையாகவும் இருக்கிறது. இருந்தும் நான்கில் மிக மோசமானது இதுதான். நீளமான குழாய், அதன் ஒரு கோடியில் வெடிப்பு, உள்ளே தளர்வான உலோகத் துண்டு! மூடி கழன்றால் அந்தத் துண்டு வெளியே வரும். மூடியைக் கழற்றிவிட்டு வேறெதையாவது உள்ளே போடவும் யாருக்காவது தோன்றும். பொம்மையில் கேப்புக்கு முன்னால் நீண்ட குழாய் எந்த வடிவத்திலும் இருக்கக் கூடாது.

நான்காவது, தரையே அடிக்கட்டும். அடிமுனையில் மேலும் கீழும் நகரும் உலக்கை, அதன் தலையில் கேப், அதற்கு மேலே தண்டோடு இறுகிய ஸ்ட்ரைக்கர் (கேப்பை அடிக்கும் முனை). தட்டும்போது உலக்கை தரையில் நின்றுவிடும், தண்டு மட்டும் தொடர்ந்து இறங்கி ஸ்ட்ரைக்கரைக் கேப்பின் மேல் இறக்கும். விசை இல்லை, இழுத்து வைத்த ஸ்பிரிங் இல்லை. கை ஒரு கோடியில், வெடிப்பு மறு கோடியில். கெட்டியான தரை வேண்டும் என்ற ஒரே நிபந்தனையைத் தவிர இதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

இனி இந்த நான்காவதை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

அடிமுனையின் அளவுகள்

தடியின் மொத்த நீளம் 70 செ.மீ. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை நிமிர்ந்து நின்று தட்டப் போதும். 85 செ.மீ.க்கு நீட்டினால் வீட்டுப் பெரியவர் ஊன்றுகோலாக எடுத்துவிடுவார். உலக்கை ஆடும் தடி, ரப்பர் புஷ் இல்லாத முனை, ஈரமான டைல்ஸ் மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. குட்டையாக வைப்பது வேண்டுமென்றே.

தண்டுக்கு 25 மி.மீ. கெட்டி மூங்கில் அல்லது மரம். அதன் அடியை 20 மி.மீ.க்குக் கடைந்து, 25 மி.மீ. வெளிவிட்டம், 20 மி.மீ. உள்விட்டம், 100 மி.மீ. நீளமுள்ள பித்தளைக் குழாய்க்குள் 24 மி.மீ. செருகி, குறுக்கே 3 மி.மீ. பின் அடிக்க வேண்டும். வெறும் பசை போதாது. மரம் வெயிலில் சுருங்கினால் குழாய் கழன்று வரும்.

மரத்துக்குக் கீழே, அதே குழாய்க்குள் 20 மி.மீ. விட்டம், 38 மி.மீ. நீளமுள்ள பித்தளைக் கட்டை. எடை சுமார் 100 கிராம். பலர் விட்டுவிடும் பாகம் இது. மூங்கில் தடி மொத்தமே 200 கிராம்தான் இருக்கும். தட்டும் வேகம் நொடிக்கு 1.5 மீட்டர் என்று வைத்தால் கிடைப்பது 0.22 ஜூல், கட்டையைச் சேர்த்து 300 கிராம் ஆக்கினால் 0.34 ஜூல். எடையைக் கைப்பிடியில் ஏற்றினால் இதே பலன் வராது; நடுவில் தண்டு வளைந்து அடியை மழுக்கிவிடும். எடை ஸ்ட்ரைக்கருக்கு முதுகிலேயே இருக்க வேண்டும்.

கட்டையின் அடிப்பக்கம் எம்6 (6 மி.மீ.) மரை போட்டு, 8.8 தர (கடினமான எஃகு) போல்ட்டின் தண்டுப்பகுதியை வெட்டித் திருகினால் அதுவே ஸ்ட்ரைக்கர். நீட்சி 4 மி.மீ. முனையைத் தட்டையாக அரைத்து, அரத்தால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மெல்லிய கீறல் போட வேண்டும். கீறலின் விளிம்புகள்தான் தாளுக்குள் இருக்கும் மருந்தை நசுக்கித் தேய்க்கின்றன. முனை 6 மி.மீ.க்கு மேல் போக வேண்டாம். 12 மி.மீ. முனை வைத்தால் பரப்பு நான்கு மடங்காகி, அதே அடியின் அழுத்தம் கால் பங்காகக் குறையும். பெரிய சுத்தியலால் அடித்தும் கேப் வெடிக்காமல் தாள் மட்டும் நசுங்குவதற்கு இதுவே காரணம்.

ஸ்ட்ரைக்கருக்குக் கீழே வெடிப்பறை, உயரம் 18 மி.மீ. அதன் அடியில் 20 மி.மீ. நீளமுள்ள பித்தளைப் புஷ் (நடுவே துளையுள்ள கட்டை), துளை 12.3 மி.மீ. அந்தத் துளையில் ஓடுவது 12 மி.மீ. தண்டுள்ள எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு) உலக்கை. உலக்கையின் தலை 16 மி.மீ. விட்டம், 8 மி.மீ. தடிமன். இந்தத் தலை 12.3 மி.மீ. துளை வழியாகக் கீழே வர முடியாது என்பதுதான் பூட்டு; கிளிப்போ பின்னோ உடைந்து உலக்கை கழன்று போகும் பேச்சே இல்லை. 18-ல் தலைக்கு 8, ஸ்ட்ரைக்கருக்கு 4 போக மிச்சம் 6 மி.மீ. அதுதான் ஓட்டம். 0.3 மி.மீ. இடைவெளியைக் கண்டு பட்டறைக்காரர் ‘லூஸா இருக்கே’ என்பார். டைட்டாகக் கொடுத்தால் பத்துப் பதினைந்து கேப்பிலேயே கரி ஏறி உலக்கை இறுகும்.

கீழே 30 மி.மீ. விட்டமுள்ள பாதத்தட்டு, உலக்கையில் மரை போட்டு இறுக்கி, அது திரும்பாமல் குறுக்குப் பின். பாதத்தட்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே ஸ்பிரிங்.

இந்த ஸ்பிரிங்கில்தான் பெரும்பாலான முன்மாதிரிகள் தோற்கின்றன. ஸ்பிரிங்கே இல்லாவிட்டால் 300 கிராம் தடியை மெதுவாகத் தரையில் வைத்தாலும் இடைவெளி மூடி, ஸ்ட்ரைக்கர் கேப்பின் மேல் உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் யாராவது சாய்ந்தால் எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. தடியின் எடை சுமார் 3 நியூட்டன். ஆகவே ஸ்பிரிங்கின் தொடக்க விசை 5 நியூட்டன் இருக்கட்டும், முழுதும் அமுங்கும்போது 8 நியூட்டன். 6 மி.மீ. ஓட்டத்தில் அது விழுங்குவது சுமார் 0.04 ஜூல், கையிலிருக்கும் 0.34-ல் எட்டில் ஒரு பங்கு. பயத்தில் 30 நியூட்டன் ஸ்பிரிங் போட்டால் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். கேட்டு வாங்க வேண்டிய அளவு: 1 மி.மீ. கம்பி, சராசரி விட்டம் 14 மி.மீ., வேலை செய்யும் சுற்று 7, இரு முனையும் மூடி அரைத்தது, தளர்ந்த நீளம் 26.5 மி.மீ. பொருத்தும்போது 16.5 மி.மீ. ஆக இருக்க வேண்டும். வெடிக்கும் கணத்தில் 10.5. முழுக்க நெருங்கினால் 9.

அந்த 10.5-க்கும் 9-க்கும் உள்ள 1.5 மி.மீ.யை நினைவில் வையுங்கள். ஸ்ட்ரைக்கர் தேய்ந்தோ மரை தளர்ந்து மேலே ஏறியோ அவ்வளவு குட்டையானால், ஸ்பிரிங் முழுக்க நெருங்கித் தடியை நிறுத்திவிடும். ஸ்ட்ரைக்கர் கேப்பைத் தொடவே தொடாது. நேற்றுவரை வெடித்த தடி இன்று ஒன்றுக்கும் அசையாவிட்டால், கேப்பைக் குறை சொல்வதற்கு முன்பு ஸ்ட்ரைக்கரின் நீட்சியை அளந்து பாருங்கள்.

கேப் வைக்கக் குழாயின் பக்கவாட்டில் 14 × 10 மி.மீ. சன்னல், வெடிப்பறை அடியிலிருந்து 7 மி.மீ. உயரத்தில் தொடங்கட்டும். அதை மூட 20 மி.மீ. நீளமுள்ள வெளிவளையம், கீழே இறக்கினால் சன்னல் மூடும், உள்ளே ஓர் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) அதை நழுவாமல் பிடிக்கும். அமெரிக்கச் சட்டம் கேட்கும் ‘கை தொடக் கூடாது’ என்பதை நிறைவேற்றுவது இந்த வளையம்தான். இது இல்லாத தடியை முடிந்த தடி என்று சொல்ல முடியாது.

புகை வெளியேற, சன்னலுக்குக் கீழே, வெடிப்பறையின் அடியையொட்டி 4 மி.மீ. துளை மூன்று, 45 பாகையில் கீழ்நோக்கிச் சாய்த்து. உலக்கைத் தலைக்கும் குழாய்க்கும் இடையே சுற்றிலும் 2 மி.மீ. இடம் இருப்பதால் காற்று அதன் வழியே இறங்கித் துளைக்கு வரும், கரியும் அதே வழியில் உதிரும். துளையை நேராகக் கிடையாகப் போட்டால் வேலை சுலபம், ஆனால் அது தரையிலிருந்து சுமார் 4 செ.மீ. உயரம். கால் கட்டைவிரலின் உயரம். சாய்த்தே போடுங்கள், செருப்பு போட்டே விளையாடச் சொல்லுங்கள். சோதனை எளிது: துளைக்கு எதிரே 10 செ.மீ.யில் மெல்லிய டிஷ்யூ தாளைப் பிடித்து வைத்து வெடியுங்கள். தாளில் ஓட்டையோ கருகலோ தெரிந்தால் துளையின் சாய்வு தவறு, அல்லது உள்ளே பிசிறு நிற்கிறது.

பொட்டா, ரிங்கா: ஒரே தடியில் இரண்டு தலை

மேலே சொன்னது பொட்டுக்கான தலை. நடுவில் உங்கள் கேப்பின் விட்டத்தைவிட 0.5 மி.மீ. அகலமாக, 0.8 மி.மீ. ஆழத்தில் இருக்கை. தனிப் பொட்டு நழுவும் என்றேன் அல்லவா, அதற்குச் சுருளே மருந்து: சுருளில் ஒரு பொட்டை, இரண்டு பக்கமும் வெற்றுத் தாள் வருமாறு கையால் கிழித்து, அந்த வால்களைத் தலையின் இரு பக்கமும் மடித்துவிட்டால் கேப் அசையாது. கத்தரிக்கோல் வேண்டாம், உலோக உரசல் பொட்டின் மேல் பட்டால் கையிலேயே வெடிக்கும்.

ரிங்குக்கு மாறினால் உலக்கைத் தலை அகலமாகி எட்டு நிப்பிள் கொண்ட தட்டாகும், குழாயும் அதற்கேற்ப மணி வடிவில் விரியும். ஸ்ட்ரைக்கர் நடுவில் இல்லாமல் நிப்பிள் வட்டத்துக்கு நேராக ஓரத்தில் வரும். ஒவ்வொரு வெடிக்கும் பாதத்தட்டைக் கையால் 45 பாகை திருப்ப வேண்டும். ஒரு பந்தும் சிறு ஸ்பிரிங்கும் ‘கிளிக்’ கொடுத்தால் இடம் தவறாது. நிப்பிள் அளவைப் புத்தகத்தில் தேடாதீர்கள். கடையில் வாங்கிய வளையத்தை வெர்னியர் அளவியில் அளந்து, குப்பியின் உள்விட்டத்தைவிட 0.1 மி.மீ. குறைவாகக் கடையுங்கள். இறுக்கமான நிப்பிளில் குப்பியை விரலால் அழுத்தி ஏற்றும்போது அது வெடிக்கக்கூடும். மிகத் தளர்வானால் அடிபட்டதும் குப்பி வழுக்கி, முதல் தட்டில் உட்கார்ந்து இரண்டாவது தட்டில்தான் வெடிக்கும். வெடிப்பறையின் மேல்தளத்துக்கும் மற்ற ஏழு குப்பிகளுக்கும் இடையே, முழுதும் அமுங்கிய நிலையிலும் 3 மி.மீ. இடைவெளி இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரே தட்டில் மொத்த வளையமும் போகும்.

வீட்டுக்கு ஒன்று செய்பவருக்குப் பொட்டுத் தலை போதும். கடைக்குப் பத்து, இருபது செய்பவர் ரிங் தலைக்கே போகலாம். நமுத்த கேப்பால் திரும்பி வரும் சரக்கு குறையும்.

எந்த உலோகம்

வெடித்தபின் மிஞ்சுவது வெறும் கரியல்ல. பொட்டாசியம் குளோரைடு உப்பும், ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகும் பாஸ்பரஸ் ஆக்சைடும். சாதா இரும்பு உலக்கை கடலோர ஊரில் மறுநாள் காலையில் துரு காட்டும். பித்தளைக் குழாய், எஸ்.எஸ். உலக்கை, மாற்றக்கூடிய போல்ட் ஸ்ட்ரைக்கர் என்று பிரித்ததற்குக் காரணம் அதுதான். துருப்பிடிப்பதும் தேய்வதும் சில ரூபாய்ப் பாகத்தில் மட்டும் நடக்கட்டும். அலுமினியம் இலகு, ஆனால் இருக்கை குழிந்துவிடும். பி.வி.சி. குழாய் அறவே வேண்டாம். குளிரிலும் வெயிலிலும் பழையதானால் விரிசல் விட்டுச் சில்லாகத் தெறிக்கும்.

சுத்தம் செய்ய எண்ணெய் அல்ல, தண்ணீர். உப்பு எண்ணெயில் கரையாது. விளையாடி முடித்ததும் கேப் இல்லை என்று சன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, வெயிலில் உலர்த்துங்கள். எண்ணெய் ஒரு சொட்டு, அதுவும் கீழே ஸ்பிரிங் பக்கம் மட்டும். வெடிப்பறையில் எண்ணெய் பட்டால் அடுத்த நாள் காகிதக் கேப் அதை உறிஞ்சி ‘புஸ்’ என்று போகும்.

வெடிக்காத தடியும் விடாது வெடிக்கும் தடியும்

சிமெண்டுத் தரையில் வெடித்து மண்தரையில் வெடிக்காவிட்டால் தடியில் கோளாறு இல்லை. உலக்கை மண்ணில் புதைந்தபடியே தண்டோடு சேர்ந்து இறங்குகிறது, இடைவெளி சட்டென்று மூடவில்லை. 40 மி.மீ. பாதத்தட்டு ஓரளவு உதவும். ஆற்று மணலில் எதுவும் உதவாது.

சத்தம் மந்தமாக, தடி கையில் உதைத்தால் துளைகள் தாள்துண்டால் அடைபட்டிருக்கும். ஒரு கேப் வெடிக்காமல் நின்றுவிட்டால் உடனே சன்னலைத் திறக்க வேண்டாம். முனையைத் தரைப்பக்கமே பிடித்து அரை நிமிடம் பொறுத்து, இன்னும் இரண்டு தட்டு தட்டிப் பாருங்கள். அதற்கும் வெடிக்காவிட்டால் சன்னலை மூடும் வெளிவளையத்தை ஏற்றித் தண்ணீரில் முக்கி எடுங்கள். குச்சியால் நோண்டக் கூடாது.

தடி கீழே விழும்போதெல்லாம் வெடித்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. மாற்றும்வரை கேப் போடாமல் எடுத்து வையுங்கள்.

காதுக்கு எவ்வளவு

அடிமுனை வெற்றி பெறும் இன்னோர் இடம் இது. 140 செ.மீ. உயரப் பிள்ளையின் காது, தடியின் அடிமுனையிலிருந்து சுமார் 1.25 மீட்டர்; கைப்பிடியிலிருந்து 60 செ.மீ. திறந்த வெளியில் தூர வித்தியாசம் மட்டுமே 6 டெசிபலுக்கு மேல் குறைத்துத் தரும். கெட்டித் தரையின் எதிரொலி அதில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் விரல்களின் கணக்கைச் சேர்த்தால் தராசு எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை.

அமெரிக்கப் பொம்மைத் தரநிலை, கேப் வெடிக்கும் பொம்மைக்கு 50 செ.மீ.யில் 125 டெசிபல் உச்சம் என்று வைத்திருக்கிறது. கேப்புக்கென்று அங்கே வகுத்த அரசு விதி 25 செ.மீ.யில் 138 டெசிபலைத் தொட்டால், ‘காதுக்கு ஓரடிக்குள் வெடிக்காதே, வீட்டுக்குள் வெடிக்காதே’ என்ற எச்சரிக்கை இல்லாமல் விற்கக் கூடாது என்றது. அந்த எச்சரிக்கையை நம் தடியின் மேலும் தமிழில் ஒட்டலாம். நம் நாட்டில் பட்டாசுக்கான 1999 விதி, 4 மீட்டரில் 145 டெசிபல் உச்சம் என்பது. அதை அளவுகோலாக வைத்து நம் பொம்மை சாது என்று சொல்லிக்கொள்வது ஏமாற்று, ஏனென்றால் பொம்மையை யாரும் 4 மீட்டர் தள்ளி நின்று வெடிப்பதில்லை. கைப்பேசிச் செயலியால் அளக்கவும் முடியாது. அந்த மைக் இத்தனை குறுகிய, கூர்மையான ஒலியில் திணறி, இருப்பதைவிட வெகு குறைவாகக் காட்டும். உச்சத்தைப் பிடிக்கும் ஒலிமானி வேண்டும். சத்தம் கூடினால் துளைகளைச் சிறிதாக்காதீர்கள். அது அழுத்தத்தை உள்ளே சேர்க்கும். குறைந்த மருந்துள்ள கேப்புக்கு மாறுங்கள்.

எட்டு வயதுக்குக் கீழே என்றால் கேப்பே வேண்டாம். அதே உலக்கையின் தலையில் ஒரு கட்டைத் துண்டு, மேலே இன்னொன்று. தட்டினால் ‘டக்’ என்று அடித்துக்கொள்ளும். அந்த வயதுக்கு அந்தச் சத்தமே திருவிழா.

விற்பதாக இருந்தால்

2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மை எதற்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பார்க்க வேண்டிய தரநிலை ஐ.எஸ். 9873. கைவினைத் துறையில் பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் லேத்தில் தொகுதி தொகுதியாகச் செய்பவர் அந்த விலக்கை நம்பி இறங்கக் கூடாது. தடியையும் கேப்பையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். கேப்பை அஞ்சலில் அனுப்ப முடியாது, விமானப் பயணப் பையிலும் ரயிலிலும் எடுத்துச் செல்லவும் தடை. தடியை வெறுமனே அனுப்பி, எந்த வகைக் கேப், எந்த அளவு என்பதை ஒரு தாளில் அச்சடித்து வையுங்கள். வாங்குபவர் தன் ஊர்க் கடையில் ரிங்கை வாங்கி நிப்பிளில் சேருகிறதா என்று பார்க்க, வெடித்த வெற்று வளையம் ஒன்றையும் மாதிரிக்குக் கூடவே போட்டு அனுப்பலாம்.